ரொனால்டு ராஸ்

சர் ரொனால்டு ராஸ் (மே 13, 1857 – செப்டம்பர் 16, 1932) மலேரியா நோய் கொசுக்களின் வழியாகப் பரவுகின்றது என்பதை நிறுவிய பிரித்தானிய மருத்துவர் ஆவார். இலங்கைத் தமிழில் கொசு நுளம்பு எனப்படும். இக்கண்டுபிடிப்புக்காக இவருக்கு 1902 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவரது ஆய்வுகளின் பெரும்பகுதி பெங்களூர், உதகமண்டலம், செகந்திராபாத், கல்கத்தா ஆகிய இந்திய நகரங்களில் நடைபெற்றது. நோயை எண்ணிக்கையால் அளக்கும் முறைகளையும், நோய்ப்பரவலை விளக்கும் கணிதக் கோட்பாட்டையும் உருவாக்கியவர்களுள் இவர் முன்னோடி ஆவார். தம் பணிகளுள் இப்பிற்பகுதியையே ராஸ் கூடுதல் முதன்மை வாய்ந்ததாகக் கருதினார்.

இளமையும் கல்வியும்

ராஸ் இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையில் உயர் அலுவலராக இருந்தார். பத்துப் பிள்ளைகளுள் மூத்தவரான ராஸ், எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியம், கவிதை, இசை, கணிதம் ஆகியவற்றில் ஆர்வம் மிக்கவராக இருந்தபோதிலும், தந்தையின் விருப்பத்துக்கு இணங்க இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். 1881 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

பெங்களூரும் நீர்த்தொட்டியும்

1883 இல் பெங்களூர்ப் படைமுகாமில் பணியாற்றியபோது, தாம் தங்கியிருந்த வீட்டில் கொசுக்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டார். சன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்து அத்தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கொசுத்தொல்லை வெகுவாகக் குறைந்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அப்போது அறியப்படவில்லை. ஆயினும் தேங்கும் நீரை அகற்றினால் கொசுக்கள் குறையும் என்னும் இவரது பிற்காலக் கொள்கைக்கு இந்நிகழ்வே வித்தாக அமைந்தது.

மலேரியா ஆய்வு

1880 இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான், அல்சீரியாவில் மலேரியா நோயாளிகளின் குருதியில் ஒட்டுண்ணிகளைக் கண்டறிந்தார். அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கின்றன என்பது விளங்கவில்லை. 1894 இல் இலண்டனில் ராஸைச் சந்தித்த பேட்ரிக் மேன்சன், இதில் கொசுக்களுக்குப் பங்கு இருக்கலாம் என்னும் தம் கருத்தை எடுத்துரைத்தார். கொசுக்கள் இறந்து விழுந்த நீரைப் பருகுவதால் நோய் தொற்றலாம் என்று மேன்சன் எண்ணினார். இதனால் ராஸின் தொடக்க ஆய்வுகள் சில தவறான வழியில் சென்றன.

1895 இல் ராஸ் செகந்திராபாத்தில் ஆய்வைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே வாந்திபேதி தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897 இல் உதகமண்டலம் சென்றபோது, நீலகிரி அடிவாரத்துச் சீகூர்ப் பகுதியில் ஆய்வு செய்யுங்கால் அவரே மலேரியாவால் பாதிக்கப்பட்டார்.

மீண்டும் செகந்திராபாத் திரும்பிய ராஸ், ஹுசைன் கான் என்னும் நோயாளியைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் நோயாளிக்கு வழங்கப்பட்டது. ஆகத்து 20, 1897 அன்று, புள்ளிச் சிறகுடைய கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய நிறமிகள் கொண்ட உருண்டைகளைக் கண்டார். அது அனோபிலிஸ் இனக் கொசு ஆகும். இந்நாள் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

இதன் பின்னர் மலேரியா அரிதாக இருந்த இராசபுதனப் பகுதிக்கு மாற்றப்பட்டதால் ஆய்வு தடைப்பட்டது. 1898 இல் கல்கத்தாவில் பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்தார். முகமது பக்ஸ் என்பவர் இவருக்கு உதவியாளராக இருந்தார். அவ்வாண்டு சூலை மாதத்தில் ஒட்டுண்ணிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கொசு கடிப்பதன் மூலம் அவை நலமான பறவைக்குச் செல்வதையும் கண்டறிந்தார். மனித மலேரியா அனோபிலிஸ் கொசுக்களால் பரவுவதை அதே ஆண்டில் இத்தாலியரான கிராசியும் அவருடைய குழுவினரும் காட்டினர். கண்டுபிடிப்பின் உரிமை குறித்து ராஸுக்கும் கிராசிக்கும் இடையே கசப்பான பூசல் பல ஆண்டுகள் நீடித்தது.

எண்ணிக்கையும் மாதிரியும்

1899 இல் ராஸ் இந்தியாவை விட்டு லிவர்பூல் சென்று வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியேற்றார். கொசு ஒழிப்பைப் பல நாடுகளில் வலியுறுத்தினார். சூயசுக் கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியாவில் இம்முறை நல்ல பலன் அளித்தது. ஆனால் லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் படைமுகாமில் நடத்தப்பட்ட முயற்சி தோல்வி என அறிவிக்கப்பட்டது. இம்முடிவு இந்தியாவில் கொசு ஒழிப்புத் திட்டங்களுக்குப் பெரும் பின்னடைவாக அமைந்தது. தேர்ந்தெடுத்த இடம் மிகச் சிறியது என்றும், சுற்றுப்புறத்திலிருந்து கொசுக்கள் வந்து சேர்வது கணக்கில் கொள்ளப்படவில்லை என்றும், முன்னும் பின்னும் முறையாக அளக்கப்படவில்லை என்றும் ராஸ் வாதிட்டார்.

பிறந்த இடத்திலிருந்து கொசு எவ்வளவு தொலைவு பரவும் என்னும் வினாவை 1904 இல் கணித முறையில் ஆராய்ந்தார். இச்சிக்கலில் ஈடுபட்ட புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், 1905 இல் இதனைப் பொதுவான கணிதப் புதிராக வெளியிட்டார். நிகழ்தகவியலில் சமவாய்ப்பு நடை என்று அறியப்படும் கருத்து இப்பெயருடன் வழங்கத் தொடங்கியது அப்போதுதான்.

நோயை அளப்பதற்குச் சிறுவர்களின் மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கெடுக்கும் முறை முன்னரே வழக்கில் இருந்தது. அடுத்தடுத்து மலேரியாவுக்கு உள்ளாவோரிடம் மண்ணீரல் பெருத்துவிடும். 1907–1908 இல் மொரீசியசுத் தீவில் ராஸ் இம்முறையை விரிவாகப் பயன்படுத்தினார். மிகச் சிலரைச் சோதித்துப் பெறும் விழுக்காட்டை நம்பி ஓர் ஊரின் நிலையை முடிவு செய்யலாகாது என்பதை வலியுறுத்தினார்.

குருதிச் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. மெல்லிய குருதிப் பூச்சில் ஒட்டுண்ணி காணப்படாததால் உடலில் அது இல்லை என்று பொருளாகாது. எனவே கூடுதலான குருதியை ஒரே பார்வையில் ஆராய உதவும் தடித்த பூச்சு முறையை 1903 இல் வெளியிட்டார். இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1910 அளவில் டேவிட் தாம்சனுடன் சேர்ந்து, நோயாளிகளின் குருதியில் உள்ள ஒட்டுண்ணிகளை நாள்தோறும் எண்ணி, அவ்வெண்ணிக்கைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். மூளை பாதிப்பு, கடும் குருதிச்சோகை, சிறுநீரகச் செயலிழப்பு முதலிய சிக்கல்களை விளைவிக்கும் பால்சிபாரம் வகை மலேரியாவில், ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை இன்றும் நோயின் கடுமையை மதிப்பிட உதவும் குறிகளுள் ஒன்றாகும்.

கொசுக் கோட்பாடு

1908 ஆம் ஆண்டு மொரீசியசு அறிக்கையிலும், 1910 இல் வெளியான மலேரியாத் தடுப்பு குறித்த நூலிலும் ராஸ் தம் கணிதக் கோட்பாட்டை விளக்கினார். ஒரு நோயாளியைக் கடிக்கும் கொசுக்களுள் சிலவே ஒட்டுண்ணி முதிரும் வரை உயிர்வாழும். அவற்றுள்ளும் சிலவே மீண்டும் மனிதரைக் கடிக்கும். இவ்வாறு ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே நோய் தொற்றுமாயின், நோய் படிப்படியாக மறையும். எனவே கொசுக்களின் எண்ணிக்கையை ஒரு வரம்புக்குக் கீழ் குறைத்தாலே போதும். கடைசிக் கொசுவரை ஒழிக்கத் தேவையில்லை. கொசுக்களை முற்றிலும் ஒழிப்பது இயலாது என்பதால் முயற்சியே வீண் என்றவர்களுக்கு இதுவே ராஸ் அளித்த விடையாகும்.

1916–1917 இல் கணிதவியலாளர் ஹில்டா ஹட்சனுடன் இணைந்து இக்கோட்பாட்டைப் பிற நோய்களுக்கும் விரிவாக்கினார். 1950களில் ஜார்ஜ் மெக்டோனால்டு இதனை மேலும் வளர்த்தார். கோவிட்-19 பெருந்தொற்றின்போது பரவலாகப் பேசப்பட்ட பரவல் எண் என்னும் கருத்து இவ்வழி வந்ததாகும்.

பிற்காலமும் மறைவும்

1911 இல் ராஸுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1923 இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். கவிதைகளும் புதினங்களும் எழுதியுள்ளார். 1926 இல் இலண்டன் புட்னியில் இவர் பெயரால் வெப்பமண்டல நோய் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. செப்டம்பர் 16, 1932 அன்று இலண்டனில் காலமானார்.

இன்றைய பொருத்தம்

மலேரியாவை 2030க்குள் நீக்குவதை இந்தியா இலக்காகக் கொண்டுள்ளது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, கிணறுகள், மேல்நிலைத் தொட்டிகள், கட்டட வேலைக்காகத் தேக்கும் நீர் ஆகியவற்றில் முட்டையிடுகின்றது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, மத்தூர் வரை தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவரும் எல்லைப் பகுதியில், மூடப்படாத தொட்டிகளைக் கணக்கெடுத்து மூடுவது ராஸ் காட்டிய வழியைச் சார்ந்ததே ஆகும்.