தந்தை செல்வா



எங்க அம்மிச்சி ஊர் பவானிசாகர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. நம்மைப் போலத் தமிழ் பேசுறவங்க ஏன் சொந்த ஊரை விட்டு வந்தாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். தந்தை செல்வாவின் வரலாற்றைப் படிச்சப்பதான் விடை தெரிஞ்சது.

செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலேயாவில் ஈப்போ நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே யாழ்ப்பாணம் பக்கம் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். அறிவியல் ஆசிரியராக இருந்தார். பிறகு சட்டம் படித்துப் பெரிய வக்கீல் ஆனார்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. ஆனாலும் எதிர்த்தார். அரசோடு சேர்ந்த தன் கட்சியை விட்டு வெளியே வந்து, 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அப்போ அவர் கேட்டது தனி நாடு இல்லைங்க. ஒரே நாட்டுக்குள் கூட்டாட்சிதான்.

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. செல்வா கொழும்பு காலிமுகத்திடலில் அறவழியில் உட்கார்ந்தார். கூட வந்தவங்களுக்கு அடி விழுந்தது. யாரும் திருப்பி அடிக்கலை.

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வாவும் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழுக்கு இடம், பிரதேச சபைகளுக்கு அதிகாரம் என்று அதில் இருந்தது. புத்த பிக்குகள் எதிர்த்ததால் 1958 ஏப்ரலில் பிரதமர் அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம்! பல தமிழர்கள் இறந்தார்கள். 1965-ல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நிறைவேறலை.

கடைசியில் 1976-ல் வட்டுக்கோட்டையில் தனி நாடு கேட்டுத் தீர்மானம் வந்தது. செல்வா 1977 ஏப்ரல் 26 அன்று காலமானார். 1983-ல் பெரிய கலவரம் வந்து, போர் தொடங்கி 2009 வரை நடந்தது. முகாமில் இருப்பவங்க அதிலே தப்பி வந்தவங்கதான்.

எங்க ஊரில் பங்குக் கிணத்துக்குத் தண்ணி முறை உண்டு. ஒருத்தர் பேசின முறையை மீறினா அப்புறம் சண்டைதான். ஒரு நாட்டுக்கும் அதுதானே? பொறுமையா கேட்டவருக்கே சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருந்தால், அந்த முகாமே தேவைப்பட்டிருக்காதுன்னு எனக்குத் தோணுது.

சிந்திப்போம் தோழர்களே!

– 9-ஆம் வகுப்பு மாணவி