முட்டைக்காகப் பிறந்த தெர்மோஸ்டாட்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்புல ஃபீட்பேக்னு ஆரம்பிச்சாலே ஜேம்ஸ் வாட்டின் கவர்னர்தான் (1788) முதல்ல வரும். அதுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாடியே, கோழி முட்டைக்காக அதைச் செய்து வைத்தவர் கார்னெலிஸ் ட்ரெபெல்.

1572-ல் நெதர்லாந்தின் அல்க்மார் ஊரில் பிறந்தார். பல்கலைக்கழகப் படி ஏறாதவர். ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் என்ற ஓவியரிடம் செப்புத் தகட்டில் படம் செதுக்கக் கற்று, அவர் சகோதரியையே கட்டிக்கிட்டார். 1604 வாக்கில் லண்டன் போய் மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவைப் பெற்றார். நடுவில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அழைக்க, பிராக் போனார். ருடால்ஃபின் செல்வாக்கு சரிஞ்சதும் இவரைச் சிறையில் போட்டாங்க. மீண்டு வந்து, 1620-ல் தேம்ஸ் ஆற்றில் தோல் போர்த்திய நீர்மூழ்கிப் படகை ஓட்டிக் காட்டினார். எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க. எனக்கு அந்த முட்டைப் பெட்டிதான் பெருசாத் தெரியுது.

அடியில் நெருப்பு. மேலே இரட்டைச் சுவர்ப் பெட்டி, சுவர்களுக்கு நடுவே தண்ணீர், உள்ளே முட்டைகள். தண்ணீருக்குள் சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குப்பி. அதன் வளைந்த குழாயில் பாதரசம். சூடு ஏறினா சாராயம் விரிஞ்சு பாதரசத்தைத் தள்ளும். பாதரசத்தில் மிதக்கும் கம்பி எழும்பி, புகை போகும் வழியை மூடும். காற்றோட்டம் குறைஞ்சு நெருப்பு தணியும். சூடு இறங்கினா மறுபடி திறக்கும். எவ்வளவு சூடு வேணும்னு ஒரு திருகாணியில் வெச்சுக்கலாம். ஃபாரன்ஹீட், செல்சியஸ் எல்லாம் பிறக்காத காலம், கவனிங்க!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தெர்மோகோல் பெட்டியும் குண்டு பல்பும் வெச்சு நாட்டுக்கோழி முட்டை பொரிக்கிறோமே, அதுவும் இதே ஏற்பாடுதான். 37.5 டிகிரி, 21 நாள். ரெண்டுக்கும் குறையும் ஒண்ணுதான்: சூட்டைக் கூட்டத் தெரியும், வெளிச்சூட்டுக்குக் கீழே இறக்கத் தெரியாது. லண்டன் குளிரில் அது ஒரு குறையே இல்லை. நம்ம அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும்போது பல்பு அணைஞ்சே கிடக்கும். உள்ளே கரு செத்துப்போகும். ஊர்ப் பெரியவங்க கோடையில் அடை வைக்கத் தயங்குறது சும்மா இல்லை.

ஈரப்பதத்தை அளக்கவும் ட்ரெபெலிடம் ஒண்ணும் இல்லை. ஓட்டின் நுண்துளை வழியா தண்ணீர் ஆவியாகி, 18 நாளில் முட்டை எடை 12, 13 சதவீதம் குறையணும். குறையலைன்னா காற்றறை சிறுத்து குஞ்சுக்கு மூச்சு முட்டும். அதனாலதான் அதுவரை ஈரப்பதம் 50-55 சதவீதம். கடைசி 3 நாள் 65-70. இல்லாட்டி உள்சவ்வு காய்ஞ்சு ஒட்டி, ஓட்டைக் கொத்தின குஞ்சு வெளிய வர முடியாம மாட்டிக்கும்.

பின்னாளில் ஆங்கிலக் கடற்படைக்காக ட்ரெபெல் செய்த வெடிகள் போரில் கைகொடுக்கலை. அரச ஆதரவும் போச்சு. கடைசிக் காலத்தில் லண்டனில் மதுக்கடை நடத்திப் பிழைத்து, 1633-ல் இறந்தார். பெட்டியைப் பற்றி அவர் ஒண்ணும் அச்சிடலை. மகள்களைக் கட்டிய குஃப்லர் சகோதரர்களின் குடும்பம் வழியாத்தான் அதன் அமைப்பு நமக்குத் தெரிய வந்திருக்கு.