இந்தூர் மட்கு உரம் தந்த ஆல்பர்ட் ஹோவர்ட்

காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டு, காய்ந்ததும் கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இப்படி எரிந்துபோகும் கழிவை எருவாக்கும் வழியை நம் நாட்டில் இருந்தபடியே முறைப்படுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1873-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு நோய்களை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் பூஞ்சாணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், பயிர் வைத்துப் பார்க்கச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லையே என்ற குறை அங்கேயே அவருக்கு வந்துவிட்டது. 1905-ல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவர், 75 ஏக்கர் கேட்டு வாங்கினார். அக்கம்பக்கத்து விவசாயிகள் மருந்தே இல்லாமல் நல்ல பயிர் எடுப்பதைக் கண்டு, அவர்களையும் பூச்சிகளையுமே தமக்கு ஆசிரியர்களாக வைத்துக்கொண்டார். என்னைப் போலப் பட்டம் வாங்கியவர்களுக்கு இது எளிதில் வராத குணம்.

மனைவி கேப்ரியலும் தாவரவியல் விஞ்ஞானி. இருவரும் சேர்ந்து பூசா கோதுமை ரகங்களை உருவாக்கினர். 1924-ல் இந்தூரில் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தனர். மட்கு முறையை விளக்கும் நூல் 1931-ல் வந்தது. அதை ஹோவர்டுடன் சேர்ந்து எழுதிய யஷ்வந்த் வாட் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

முறை இதுதான். பண்ணைக் கழிவை மாட்டுக் கொட்டகையில் பரப்பி, கோமியம் ஊறியதும் எடுங்கள். சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் கலந்து 2 அடி ஆழக் குழியில் ஈரமாக அடுக்குங்கள். மிதித்து இறுக்க வேண்டாம், காற்றோட்டம் தேவை. மூன்று முறை கிளறிவிட்டால் 3 மாதத்தில் எரு தயார். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நின்று கெடும் என்பதால் தரைக்கு மேல் குவியலாக அடுக்கச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கும் அதுவே சரி.

வங்காளத்தில் இதே முறையில் ஆகாயத்தாமரையை மட்க வைத்தார்கள். அதில் நீர் மிகுதி. இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து போடுங்கள். சாயக்கழிவு கலக்கும் நீர்நிலையில் இருந்து மட்டும் எடுக்காதீர்கள். கன உலோகங்களை அந்தச் செடி உறிஞ்சி வைத்திருக்கும்.

1931-ல் தாயகம் திரும்பிய ஹோவர்ட், 1940-ல் தமது புகழ்பெற்ற வேளாண் நூலை வெளியிட்டார், 1947-ல் மறைந்தார். மண் நலமாக இருந்தால் பயிருக்கு நோயே அண்டாது என்று கடைசிவரை வாதிட்டார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். எரு போட்ட வயலானாலும் விதை நேர்த்தியை விடாதீர்கள். ஏரி வற்றும் சித்திரைக் கடைசியில் குவியல் போட்டால், சம்பா நாற்றங்காலுக்கு ஆடியில் எரு கைக்கு வந்துவிடும்.