புனித தேவசகாயம்

புனித தேவசகாயம் (ஏப்ரல் 23, 1712 – சனவரி 14, 1752) திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அலுவலரும், கத்தோலிக்க மறைசாட்சியும் ஆவார். இவரது இயற்பெயர் நீலகண்டப் பிள்ளை. துறவியாகவோ குருவாகவோ இல்லாமல், இல்லறத்தில் வாழ்ந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. 2012ஆம் ஆண்டு நாகர்கோவிலில் திறந்தவெளியில் நடந்த விழாவில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். மே 15, 2022 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிசு இவரைப் புனிதராக அறிவித்தார்.

பிறப்பும் அரசுப் பணியும்

நீலகண்டப் பிள்ளை நட்டாலம் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது; இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. இவரது தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மாள். தாய்வழியில் நாயர் குலத்தவராக வளர்ந்த இவர், சமற்கிருதம், தமிழ், மலையாளம் ஆகிய மொழிகளையும் படைக்கலப் பயிற்சியையும் கற்றார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார்.

அக்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர் (ஆட்சிக்காலம் 1729–1758). பத்மநாபபுரம் நாட்டின் தலைநகராக இருந்தது. நீலகண்டப் பிள்ளை அங்குள்ள நீலகண்டசுவாமி கோயிலுடன் தொடர்புடைய அலுவலராகவும், பின்னர் அரண்மனைக் கருவூலத்திலும் பணியாற்றினார்.

டிலனாயுடன் நட்பு

1741இல் நடந்த குளச்சல் போரில் ஒல்லாந்தர் படை தோற்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களுள் ஒருவரான யூசுடேச்சியசு டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார். உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போது நீலகண்டப் பிள்ளைக்கும் இவருக்கும் நட்பு ஏற்பட்டது.

அப்போது நீலகண்டப் பிள்ளையின் குடும்பத்தில் கால்நடைகள் இறந்தன, விளைச்சலும் பொய்த்தது. மனம் தளர்ந்திருந்த அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்ததாகவும், அதுவே அவரது மனமாற்றத்திற்குத் தொடக்கமாக அமைந்ததாகவும் கூறப்படுகிறது.

திருமுழுக்கு

நீலகண்டப் பிள்ளை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள வடக்கன்குளத்திற்குச் சென்றார். இவ்வூர் இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அங்கு மே 14, 1745 அன்று இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. கடவுளின் உதவி என்பது இதன் பொருள். அவரது மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயரை ஏற்றார்.

சிறையும் இறப்பும்

திருமுழுக்குக்குப் பின் தேவசகாயம் சாதி வேறுபாடு பாராமல் எல்லோருடனும் பழகினார். தம் புதிய சமயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். இதனால் அரண்மனையில் அவருக்கு எதிர்ப்பு வளர்ந்தது. அரசின் இரகசியங்களைப் பகைவருக்கும் ஐரோப்பியருக்கும் வெளியிட்டார் என்று அவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. பிப்ரவரி 23, 1749 அன்று கைது செய்யப்பட்டார்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் காவலில் இருந்தார். எருமையின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார். பிரம்படியும் அடிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடி தடவுவதும் அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் எனக் கூறப்படுகிறது. பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டி வைக்கப்பட்டார். மக்கள் கண்டு அஞ்ச வேண்டும் என்பதே இவ்வாறு பொது இடங்களில் நிறுத்தியதன் நோக்கம். ஆனால் அவரைக் காண வந்த மக்களின் எண்ணிக்கை நாளடைவில் பெருகியது. முடிவில் அவர் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சனவரி 14, 1752 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் காட்டில் வீசப்பட்டது. பின்னர் கிடைத்த எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

அவர் கொல்லப்பட்டதன் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. திருவிதாங்கூரில் சமயத்தின் பெயரால் எவருக்கும் மரண தண்டனை அளிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்றும், இது அரசத் துரோகக் குற்றத்திற்கான தண்டனையே என்றும் வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகின்றனர். டிலனாய் கத்தோலிக்கராக இருந்துகொண்டே அந்த அரசில் உயர் பதவி வகித்ததை அவர்கள் சுட்டுவர். கத்தோலிக்கத் திருச்சபை, தன் ஆவணங்களையும் மக்கள் மரபையும் ஆராய்ந்து, அவர் நம்பிக்கையின் பொருட்டே இறந்தார் என்ற முடிவுக்கு வந்தது.

மக்கள் வணக்கம்

திருச்சபையின் அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்பே மக்கள் இவரைப் போற்றத் தொடங்கிவிட்டனர். குற்றவாளியாக அவர் இழுத்துச் செல்லப்பட்ட இடங்களே திருப்பயண இடங்களாயின. புலியூர்க்குறிச்சியில் உள்ள முட்டிடிச்சான் பாறையில், தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. காற்றாடிமலையில் தட்டினால் மணியோசை எழுப்பும் பாறை ஒன்று மணியடிச்சான் பாறை எனப்படுகிறது.

பட்டமளிப்பும் திறந்தவெளி விழாக்களும்

சூன் 28, 2012 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இவரது மறைசாட்சியத்தை ஏற்றார். அதே ஆண்டு திசம்பர் 2 அன்று நாகர்கோவில் கார்மல் மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் கர்தினால் ஆஞ்செலோ அமாத்தோ இவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பேராலயத்தினுள் இடம் கொள்ளாத அளவில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டதால் திருப்பலி மைதானத்திலேயே நிறைவேற்றப்பட்டது.

2013இல் கருவிலேயே இதயத்துடிப்பு நின்றதாகக் கூறப்பட்ட குழந்தை ஒன்று உயிருடன் பிறந்த நிகழ்வு, புனிதர் பட்டத்திற்குத் தேவையான புதுமையாக 2020இல் ஏற்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் விழா தள்ளிப்போயிற்று. மே 15, 2022 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் மேலும் ஒன்பது பேருடன் இவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார். தமிழ்நாடு அரசின் சார்பில் அமைச்சர்கள் இதில் பங்கேற்றனர். சூன் 5, 2022 அன்று, அவர் உயிர்நீத்த ஆரல்வாய்மொழியில் தேசிய அளவிலான நன்றி விழா நடைபெற்றது. இவரது திருநாள் சனவரி 14. இது பொங்கலை ஒட்டி வருகிறது.

பெயர் குறித்த விவாதம்

பட்டமளிப்புக்கு முந்தைய ஆவணங்களில் இவர் தேவசகாயம் பிள்ளை என்றே குறிப்பிடப்பட்டார். சாதி வேறுபாட்டைக் கைவிட்ட ஒருவரைச் சாதிப் பெயரால் அழைப்பது முறையன்று எனப் பலர் திருப்பீடத்திடம் முறையிட்டனர். அதன் பின்னர் பிள்ளை என்னும் பட்டம் நீக்கப்பட்டு, லாசர் எனப்படும் தேவசகாயம் என்ற பெயரிலேயே இவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இந்த முறையீட்டுக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. இவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, பிற்காலத்தில், சாதியினர் தனித்தனியே அமர்வதற்காக நடுவே தடுப்புடன் இரு பிரிவாகப் பிரியும் ஆலயம் 1872இல் கட்டப்பட்டது. அந்தத் தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. பெயரிலிருந்து சாதி நீங்குவதற்கு மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.