யார் இந்த பிரேம்சந்த் ராய்சந்த்? ஏறுகிற பங்கைத் துரத்திய ஊர் கவிழ்ந்த கதை!

ஈசிஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டுன்னு எங்கே மனை பார்க்கப் போனாலும் காதில் விழும் வாதம் ஒன்றுதான். போன வருஷம் விலை ஏறிச்சு, இந்த வருஷமும் ஏறும்! பங்குச்சந்தையில் இந்த யோசனைக்குப் பெயர் மொமண்டம். சமீபத்தில் நன்றாக ஏறிய பங்கை வாங்குவது, இறங்கியதைத் தள்ளிவிடுவது.

இதை நம்பி, கடலையே மேடாக்கி மனை போடக் கிளம்பிய ஊர் ஒன்று இருந்தது. அது 1860களின் பம்பாய். அந்தக் கதையின் நாயகன்தான் பிரேம்சந்த் ராய்சந்த்.

சூரத் டூ பம்பாய்

1831-ல் சூரத்தில், ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பம்பாய் வந்து ஆங்கிலம் படித்தார். அந்தக் காலத்து உள்ளூர் புரோக்கர்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் அபூர்வம். வெள்ளைக்கார வங்கி அதிகாரிகளிடம் நேரடியாகப் பேச முடிந்ததால், 30 வயதுக்குள் பருத்தியிலும் பங்கிலும் பெரிய கை ஆனார்.

அமெரிக்காவில் போர், பம்பாயில் பண மழை

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. எல்லோரும் இந்தியப் பருத்தியைத் தேட, விலை தாறுமாறாக ஏறியது. கையில் பணம் புரண்டதும் பம்பாயில் தினம் ஒரு வங்கி, தினம் ஒரு கம்பெனி என்கிற நிலை.

உச்சம், 1864-ல் வந்த பேக் பே கம்பெனி. கடலை நிரப்பி நிலம் ஆக்குவதுதான் திட்டம். 5,000 ரூபாய் கட்டிய பங்கு, சுமார் 50,000 ரூபாய் வரை போனது. நிலம் இன்னும் தண்ணிக்குள்ளதான் இருந்தது!

விலை ஏன் நிற்காமல் ஏறியது?

காரணம் கடன். 1863-ல் பாங்க் ஆஃப் பம்பாயின் விதிகள் மாற்றப்பட்டு, பங்குகளை அடமானமாக வைத்தே கடன் தர வழி பிறந்தது. பங்கு ஏறினால் அதிகக் கடன். அந்தக் கடனில் மேலும் பங்கு. அதனால் மறுபடியும் விலை ஏற்றம். பிரேம்சந்த் கை காட்டினால் போதும், வங்கியில் கடன் கிடைக்கும் என்ற அளவுக்கு அவர் செல்வாக்கு இருந்தது.

1865 ஜூலை 1

1865 ஏப்ரலில் போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி திரும்ப வரும் என்றதும் விலை விழுந்தது. பின்தேதியில் பணம் தருவதாகப் போட்ட ஏராளமான ஒப்பந்தங்கள் ஜூலை 1-ல் முதிர்ந்தன. கொடுக்க யாரிடமும் காசு இல்லை. ஒரு காலத்தில் 2,850 ரூபாய்க்கு விற்ற பாங்க் ஆஃப் பம்பாய் பங்கு, 87 ரூபாய்க்கு வந்தது. 1868-ல் அந்த வங்கியே மூடப்பட்டது. பிரேம்சந்தும் சொத்தை இழந்தார்.

அப்புறம் என்ன ஆனார்?

ஊரை விட்டு ஓடவில்லை. சிறிய அளவில் தொழிலைத் தொடர்ந்தார். 1875-ல் உருவாகி, பின்னாளில் பிஎஸ்இ ஆன புரோக்கர்கள் சங்கத்தின் கதையிலும் அவர் பெயர் உண்டு. நல்ல காலத்தில் அவர் கொடுத்த நன்கொடையில் எழுந்ததுதான் மும்பை பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் டவர். அது அவர் அம்மாவின் பெயர். 1906-ல் அவர் காலமானார். அதே வருஷம் இங்கே மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது.

அப்போ மொமண்டம் வேலை செய்யாதா?

செய்யும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 1993-ல் ஜெகதீஷ், டிட்மன் இருவரும் அமெரிக்கச் சந்தையில் இதை நிரூபித்தார்கள். 1999-ல் ரூவன்ஹார்ஸ்ட், வளரும் நாடுகளின் 20 சந்தைகளிலும் இதே போக்கைக் கண்டார். இந்தியாவில் 2020-ல் நிஃப்டி 200 மொமண்டம் 30 குறியீடே வந்துவிட்டது.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, செலவு. அடிக்கடி வாங்கி விற்பதால் புரோக்கரேஜ் போகும். ஒரு வருஷத்துக்குள் விற்றால், 2024 ஜூலை முதல் லாபத்தில் 20 சதவீதம் வரி. இரண்டு, திருப்பம். 2009 மாதிரி சந்தை திடீரெனத் திரும்பும்போது, இந்த உத்தி பல வருஷ லாபத்தைச் சில மாதத்தில் இழக்கும்.

பம்பாய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த உத்தியில் எப்போது விற்க வேண்டும் என்ற விதி முன்பே எழுதி இருக்கும். பல பங்குகளில் பணம் பிரிந்திருக்கும். பம்பாயில் விற்கும் விதியே இல்லை, போட்டதும் கடன் பணம். அன்றைய பின்தேதி ஒப்பந்தத்தின் இன்றைய உறவுக்காரர் எஃப் அண்ட் ஓ. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி கணக்கு சொல்கிறது.

எனவே பங்கோ, ஈசிஆர் மனையோ, வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்க. போடுவது சொந்தப் பணமா, கடனா? விலை திரும்பினால் எந்த இடத்தில் வெளியே வருவீங்க? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு முடிவெடுத்தால் போதும்.