கண்ணில்லாத தேனீக்காரர்

மாடியில் தேனீப் பெட்டி வைக்கலாம் என்கிறீர்கள். பின்புறப் புங்க மரத்தை வெட்டிவிட்டு பார்க்கிங் வேண்டும் என்றும் கேட்கிறீர்கள். இரண்டையும் முடிவு செய்யும் முன் பிரான்சுவா ஹூபரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

1750-இல் ஜெனீவாவில் பிறந்தவர். பதினைந்து வயதில் பார்வை மங்கத் தொடங்கி, பிறகு முழுதுமாகப் போய்விட்டது. அவரை மணக்க விரும்பிய மரிக்கு வீட்டில் எதிர்ப்பு. சட்டப்படி வயது வரும்வரை காத்திருந்து மணந்தார் அந்தப் பெண்.

பணியாளர் பர்னன்ஸ்தான் ஹூபருக்குக் கண். இவர் கேள்வி கேட்பார், அவர் பார்த்துச் சொல்வார். புத்தகத் தாள்போல் விரியும் பெட்டி ஒன்றைச் செய்து, அடையைச் சிதைக்காமல் உள்ளே பார்த்தார்கள். ராணி கூட்டுக்குள் இணைவதில்லை, வெளியே பறந்துபோய்த்தான் இணைகிறது என்று நிறுவினார்கள். பெட்டி தங்குமிடம் மட்டும்தான், பாருங்கள். தேனும் மகரந்தமும்கூட வெளியிலிருந்தே வரவேண்டும். நம்மிடம் அதற்கு இருப்பது அந்தப் புங்கமும் நாலைந்து வேம்பும்தான்.

1792-இல் அவர் நூல் வெளிவந்தது. பர்னன்ஸ் பின்னர் விலகிப் போனார். மகன் பியேர் உதவியோடு 1814-இல் அதை விரிவாக்கி வெளியிட்டார். 1831-இல் மறைந்தார். தன் தேனீக்களில் ஒன்றையாவது அவர் தெளிவாகப் பார்த்ததில்லை.