இரத்தத்தின் நிறமும் வெப்பத்தின் கணக்கும்

சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவச் செல்வோருக்கு ஒரு காலத்தில் மிதிவண்டியே துணை. விடியுமுன் சக்கரத்தில் காற்றுக் குறைந்திருந்தால், கைப்பம்பை எடுத்து வேகமாக அடிப்பார்கள். பத்து இருபது முறை அடித்ததும் பம்பின் அடிப்பகுதி சுடத் தொடங்கும். அருகில் நெருப்பு இல்லை, வெயிலும் ஏறவில்லை. உராய்வு ஒரு சிறு காரணம்தான். பெரும்பங்கு வெப்பம் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஓர் இயற்பியல் பேராசிரியர் அல்லர்; ஒரு கப்பல் மருத்துவர். அவ்விடைக்கான முதல் பொறி அவருக்குக் கிடைத்த இடமும் நமக்குத் தொலைவன்று. அது ஜாவாத் தீவு.

ஜூலியஸ் ரோபர்ட் மாயர் 1814ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். சிறுவனாக இருந்தபோது மாயர் ஓடை நீரில் ஒரு சிறு சக்கரத்தை அமைத்தார். அச்சக்கரம் சுழல்வதால் கிடைக்கும் விசையைக் கொண்டே நீரை மீண்டும் மேலேற்றி, அதே நீரால் சக்கரத்தை என்றென்றும் ஓட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். எத்தனை முறை மாற்றி அமைத்தும் அது நடக்கவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து வேலையைப் பெற முடியாது என்பது அவர் மனத்தில் அப்போதே பதிந்தது.

தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1838இல் பட்டம் பெற்றார். ஊரிலேயே மருத்துவமனை வைத்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். மாயருக்கோ கடல் கடந்து உலகைக் காணும் ஆவல் இருந்தது. 1840 பிப்ரவரியில் ராட்டர்டாமிலிருந்து புறப்பட்ட டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராகச் சேர்ந்தார். கப்பலின் பெயரும் ஜாவா. சென்ற இடமும் ஜாவா. நீண்ட பயணத்தில் பெரும்பகுதி நேரத்தை அறிவியல் நூல்களைப் படிப்பதிலேயே கழித்தார். ஜூன் மாதத்தில் கப்பல் கரையை அடைந்தது.

அங்கே மாலுமிகள் சிலர் நோயுற்றனர். நோயாளியின் நாளத்தைக் கீறிச் சிறிது இரத்தத்தை வெளியேற்றுவது அக்கால மருத்துவ முறை. மாயரும் அவ்வாறே செய்தார். நாளத்திலிருந்து வருவது கருஞ்சிவப்பான இரத்தமாக இருக்க வேண்டும். ஆனால், வந்ததோ பளிச்சென்ற செந்நிற இரத்தம். தவறுதலாகத் தமனியை வெட்டிவிட்டோமோ என அவர் பதறிப்போனார். வெப்ப நாடுகளில் இது வழக்கமே என்று அங்கிருந்த மருத்துவர்கள் கூறினர். அவர்கள் பலகாலம் பார்த்துப் பழகிய காட்சி அது. மாயரால் மட்டும் அதைக் கடந்து செல்ல முடியவில்லை.

உண்ணும் உணவு உயிர்வளியுடன் சேர்ந்து மெதுவாக எரிவதாலேயே உடலுக்குச் சூடு கிடைக்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லவாசியே முன்பே விளக்கியிருந்தார். வெப்ப நாட்டில் உடல் இழக்கும் சூடு குறைவு. ஆகவே எரிப்பும் குறைவு. இரத்தத்தில் உயிர்வளி மிஞ்சுகிறது. அதனால்தான் நிறம் மாறவில்லை என மாயர் எண்ணினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. மனிதன் சுமை தூக்குகிறான், வண்டி இழுக்கிறான். அவ்வேலைக்கும் அதே உணவுதானே எரிய வேண்டும்? அப்படியானால் உடலின் சூடும் உடல் செய்யும் வேலையும் ஒரே கணக்கில் பற்றாக வேண்டியவை. ஒன்று மற்றொன்றாக மாறலாம். மொத்தம் மட்டும் மாறாது. சுராபாயாத் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது, இந்த எண்ணம் அவரை முழுமையாகப் பற்றிக்கொண்டது. கரையிறங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

1841இல் நாடு திரும்பியதும் ஒரு கட்டுரை எழுதிப் புகழ்பெற்ற இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை வெளியிடவுமில்லை; பதிலும் எழுதவில்லை. அக்கட்டுரையில் பிழைகள் இருந்தது உண்மையே. மாயர் முறையாகக் கணிதமும் இயற்பியலும் பயின்றவர் அல்லர். அவர் தம் குறையை உணர்ந்து, நண்பர் ஒருவரிடம் அவற்றைக் கற்றார். பின்னர் எழுதிய கட்டுரை 1842இல் வேதியியல் அறிஞர் லீபிக்கின் இதழில் வெளிவந்தது.

வெப்பமும் வேலையும் ஒன்றென்றால், எவ்வளவு வெப்பம் எவ்வளவு வேலைக்கு ஈடு? இதைக் கண்டறிய மாயர் புதிய சோதனை எதையும் செய்யவில்லை. பிறர் அளந்து வைத்திருந்த காற்றின் அளவீடுகளையே எடுத்துக்கொண்டார். அவருடைய மதிநுட்பம் வெளிப்பட்ட இடம் இதுதான்.

ஒரு கிலோகிராம் காற்றை அசையாத மூடியுள்ள கலனில் அடைத்து வெப்பநிலையை 1 பாகை உயர்த்த, இன்றைய அளவில் ஏறத்தாழ 718 ஜூல் வெப்பம் போதும். மூடி மேலே நகரக்கூடியதாக இருந்து, அழுத்தம் மாறாமல் காற்று விரிந்தால், அதே 1 பாகைக்கு ஏறத்தாழ 1005 ஜூல் தேவை. காற்று அதேதான், வெப்பநிலை உயர்வும் அதேதான். மிகுதியான 287 ஜூல் எங்கே போயிற்று? மூடியை மேலே தள்ளும் வேலைக்குச் செலவாயிற்று என்றார் மாயர். அந்த வேலையையும் அந்த வெப்பத்தையும் ஒப்பிட்டால் ஈட்டளவு கிடைத்துவிடும்.

இதில் ஓர் ஐயம் எழலாம். காற்று விரிவதற்கே அவ்வெப்பம் தேவைப்பட்டிருக்கலாம் அல்லவா? கே-லுசாக் என்ற அறிஞர் 1807இல் செய்த சோதனை இதற்கு விடை தந்தது. காற்றுள்ள கலனை வெற்றிடக் கலனோடு இணைத்துத் திறந்தபோது, ஒன்றில் குறைந்த வெப்பநிலை மற்றொன்றில் கூடியது. மொத்தத்தில் வெப்பம் செலவாகவில்லை. எதையும் தள்ளாமல் வெறுமனே விரியும் காற்று வெப்பத்தைக் கேட்பதில்லை. நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் அதன் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது என்று இன்று சொல்கிறோம். காற்று ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொள்கிறது.

நீரின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்தும் வெப்பம், அதே எடையுள்ள பொருளைச் சுமார் 365 மீட்டர் உயர்த்தும் வேலைக்குச் சமம் என மாயர் கணித்தார். சரியான அளவு ஏறத்தாழ 427 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். ஒரு குவளை நீரை 1 பாகை சூடாக்குவதற்கு ஈடான வேலை, அதே குவளை நீரை ஏறக்குறைய அக்கோபுர உச்சிவரை தூக்குவதாகும்! மாயரின் கணக்கு வழுவியதற்குக் காரணம் அவர் சிந்தனையன்று. அக்காலத்தில் கிடைத்த காற்றின் அளவீடுகளே துல்லியமற்றவை.

இக்கணக்கைக் கொண்டு மிதிவண்டிப் பம்பை மீண்டும் பார்க்கலாம். வேகமாக அடிக்கும்போது வெப்பம் வெளியேற நேரமில்லை. கை செய்த வேலை முழுவதும் காற்றின் அக ஆற்றலாகச் சேர்வதால் காற்று சுடுகிறது. மிக மெதுவாக அழுத்தினாலோ, செய்த வேலைக்கு ஈடான வெப்பம் சுவர் வழியே கசிந்து போய்விடும், வெப்பநிலை மாறாது. உள்ளே வந்த வெப்பத்திலிருந்து வாயு செய்த வேலையைக் கழித்தால் அக ஆற்றலின் மாற்றம் கிடைக்கும். இதுவே வெப்ப இயக்கவியலின் முதல் விதி.

1845இல் மாயர் தம் கருத்தை உயிரினங்களுக்கும் விரித்து, சொந்தச் செலவில் ஒரு நூலை வெளியிட்டார். அதைப் படித்தவர் சிலரே. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் 1843 முதல் தனியே சோதனைகள் செய்து, மேலும் துல்லியமான அளவை எட்டினார். யார் முதல்வர் என்ற பூசல் எழுந்தது. ஜூலின் அளவீடுகள் உறுதியானவை. மாயரின் எண்ணமோ முந்தியது. இருவருக்கும் உரிய பெருமை உண்டு என்பதை அன்றைய அறிவுலகம் எளிதில் ஏற்கவில்லை.

1848இல் மாயர் தம் குழந்தைகள் இருவரை இழந்தார். புறக்கணிப்பும் துயரமும் சேர்ந்து அவர் மனநலத்தைக் குலைத்தன. சில காலம் மனநல விடுதிகளில் வைக்கப்பட்டார். அங்கு அவர் நடத்தப்பட்ட விதம் கடுமையானது. 1853இல் வீடு திரும்பிய பிறகு மருத்துவப் பணியை அமைதியாகத் தொடர்ந்தார். அவர் இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி கூட அறிவியல் வட்டாரங்களில் பரவியிருந்தது.

1862இல் ஜான் டின்டல் என்ற இயற்பியலாளர் லண்டனில் ஆற்றிய உரையில் மாயரின் பங்கை எடுத்துரைத்தார். இலண்டன் அரச கழகம் 1870இல் கோப்லி பதக்கத்தை ஜூலுக்கும், அடுத்த ஆண்டே மாயருக்கும் வழங்கியது. 1878 மார்ச் 20ஆம் நாள், தாம் பிறந்த ஹைல்புரோனிலேயே மாயர் காலமானார். மாறா அழுத்தத்திலும் மாறாக் கன அளவிலும் வாயு கேட்கும் வெப்பங்களுக்கிடையே உள்ள அந்த வேறுபாட்டை, ஆறாம் படிவ இயற்பியல் மாணவர்கள் இன்றும் கணக்கிடுகின்றனர். அச்சமன்பாட்டின் பெயர் மாயர் தொடர்பு.